பேஸ் கிட்டார், ஐந்து ஸ்வரம், எங்கம்மா: ஒரு நீளமான த்ரெட்

1/
ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா சொந்தக்காரங்க சர்ஜனைத் தேடிப் போய்க் கையைப் பிடிச்சுக்குவாங்க. நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருந்த மயக்க மருந்து டாக்டர் யாருன்னு பல பேருக்குத் தெரியாது. நான் அந்த டாக்டர். இருபது வருஷமா இதுதான் வேலை. அதனாலயோ என்னவோ, 47 வயசில் ஒரு வாத்தியம் கத்துக்கலாம்னு தோணினப்போ கை நேரா பேஸ் கிட்டாருக்குத்தான் போச்சு. பாட்டுக் குழுவில் அதுவும் அதே மாதிரி ஆள்தான். இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லையென்றால் பாட்டு காலில்லாமல் நிற்கும்.

2/
தெரியாதவர்களுக்கு: பேஸ் கிட்டாரில் நாலு தடிமனான கம்பிகள். சாதாரண கிட்டாரின் கீழ் நாலு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும். மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். இவ்வளவு கீழே இருப்பதால்தான் செல்போன் ஸ்பீக்கரில் அது கேட்காது. நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைக் கேளுங்கள், நான் சொல்வது புரியும். ராஜா சாரிடம் பல வருடம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். நம்ம ஊர்க்காரர்கள். அவர்கள் வாசித்ததைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம், பேர்தான் பல பேருக்குத் தெரியாது.

3/
தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு சந்து. முதல் மாடியில் மாஸ்டர் வீடு. ரெக்கார்டிங் தியேட்டர்களில் பல காலம் வாசித்துவிட்டு இப்போது பாடம் எடுக்கிறார். புதன் சாயங்காலம், ஞாயிறு காலை. என் கூடப் படிப்பவர்கள் காலேஜ் பசங்க. முதல் வகுப்பிலேயே அவர் கொடுத்தது பெண்டாடோனிக் ஸ்கேல். 'பெண்டா' என்றால் கிரேக்கத்தில் ஐந்து. ஏழு ஸ்வரத்தில் ரெண்டை விட்டுட்டு ஐந்தோடு வாசிப்பது. ராக், ப்ளூஸ், சினிமாப் பாட்டு எதுவானாலும் கிட்டார் கத்துக்கறவங்க முதலில் பிடிக்கும் படி இதுதான்.

4/
முதல் படம் இவ்வளவு சுலபம். கம்பிகளின் பெயர் மேலிருந்து ஈ, ஏ, டி, ஜி.
ஈ கம்பி: சும்மா, பிறகு மூணாவது ஃப்ரெட்.
ஏ கம்பி: சும்மா, பிறகு ரெண்டாவது.
டி கம்பி: சும்மா, ரெண்டாவது.
ஜி கம்பி: சும்மா, ரெண்டாவது.
அவ்ளோதான். ஈ மைனர் பெண்டாடோனிக். ஸ்வரங்கள் ஈ, ஜி, ஏ, பி, டி. நாலு கம்பியையும் எந்த இடத்திலும் அழுத்தாமல் தட்டினாலே ஐந்தில் நாலு ஸ்வரம் வந்துவிடும். வீணை தெரிஞ்சவங்களுக்கு: ஃப்ரெட் என்றால் மெட்டு.

5/
ஏன் ஐந்து? கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், காது கூசும். இந்த ஐந்துக்குள் அப்படி ஒட்டி உரசும் ஜோடியே கிடையாது. இன்னொரு கணக்கும் இருக்கு. ஸவிலிருந்து ப. அந்த ப-வை ஸ என்று வைத்தால் அதன் ப நமக்கு ரி. அதே மாதிரி போனால் த, பிறகு க. நாலே தாவலில் ஸ ரி க ப த கைக்கு வந்துவிடுகிறது. அதுதான் மோகனம். ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டிலும் சீனப் பாட்டிலும் இந்த ஐந்தைக் கேட்கலாம்.

6/
நமக்கும் இது வெளியூர்ச் சரக்கு இல்லை. பழந்தமிழ் இசையில் ஏழு ஸ்வரம் உள்ளது பண், ஆறு உள்ளது பண்ணியல், ஐந்து உள்ளது திறம், நாலு உள்ளது திறத்திறம். ஸ ப உறவை 'குரல், இளி' என்று சொல்லியிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு ஸ்வரங்களின் பெயரை வைத்து வட்டமாக நிறுத்துகிறார் இளங்கோ. அங்கே வரும் முல்லைத் தீம்பாணிதான் இன்றைய மோகனம் என்பது இசை ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

7/
ரெண்டாவது மாசம் கை பேச ஆரம்பிச்சது. அதே ஸ்கேலை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் ஏ மைனர். இப்போது சும்மா தட்ட முடியாது, எல்லாம் அழுத்தணும். தடித்த கம்பியில் 5, 8. மற்ற மூன்றிலும் 5, 7. பேஸின் கம்பி நீளம் பொதுவாக 34 அங்குலம், அதனால் 5லிருந்து 8 வரை சுமார் 10 சென்டிமீட்டர். அந்த எட்டில் சுண்டு விரல் போய் உட்காரணும். சுண்டு விரல் போகிறது, கூடவே மோதிர விரலும் கிளம்பி வருகிறது. மேசையில் உள்ளங்கையை வைத்து, நடு விரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள்.

8/
தூக்க முடியலையா? பயப்படாதீங்க, எல்லோருக்கும் அப்படித்தான். விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. மடக்கும் பக்கம் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் பெருமளவு ஒரே தசைதான் வேலை செய்கிறது. இது உடற்கூறு, சோம்பேறித்தனம் இல்லை. அதனால்தான் பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்கள் கீழ்ப்பகுதியில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒரே விரலாகப் பயன்படுத்துவார்கள். பேஸ் கிட்டாரிலும் முதல் சில ஃப்ரெட்டுகளில் அப்படியே செய்யலாம். கட்டாயப்படுத்தி விரித்தால் மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

9/
மூணாவது மாசம் விரல் ஓடியது. மெட்ரோனோம் 60ல் ஆரம்பிச்சு 90 வந்தாச்சு. மாஸ்டர் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "விரல் நல்லா ஓடுது டாக்டர். எங்க போய்ச் சேருது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஐந்து ஸ்வரம் வாசிக்கிறீங்க. அதுல வீடு எது? எந்த ஸ்வரத்துக்கு வந்தா செருப்பைக் கழட்டிட்டு உட்காரலாம்? பேஸ்காரன் வேலையே வீட்டைக் காட்டுறதுதான். இனிமே வாயால பாடாம ஒரு ஸ்வரமும் வாசிக்காதீங்க."

10/
ஆபரேஷன் தியேட்டரில் நான் காதால்தான் வேலை செய்கிறேன். நோயாளியின் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீப் கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த பீப்பின் ஸ்ருதி இறங்கும். திரையைப் பார்க்கும் முன்பே ஸ்ருதி இறங்குவது காதில் விழுந்து தலை திரும்பிவிடும். ஆனால் அது ஏறுது, இறங்குது என்று மட்டும் அறிகிற காது. வீடு எதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அதை எனக்குக் காட்டினவர் எங்கம்மா.

11/
அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கை பலவீனம், பேச்சு போய்விட்டது. மருத்துவத்தில் இதை அஃபேசியா என்போம். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும். என்ன சொல்லணும்னும் தெரியும். வார்த்தை மட்டும் வராது. எது கேட்டாலும் "அதான்... அதான்..." என்ற ஒரே சொல்தான். காபி வேணுமா? அதான். வலிக்குதா? அதான். முப்பது வருஷம் மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்து வீட்டில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். எங்கள் அடையாறு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ரேடியோவைக்கூட அணைக்கச் சொல்லிக் கை காட்டுவார்.

12/
அவர் தூங்கின பிறகுதான் நான் பயிற்சி செய்வது வழக்கம். ஒரு ஞாயிறு மதியம் ஹாலில், சின்ன ஆம்ப், வால்யூம் கம்மி. முதலில் சொன்ன அந்த ஈ மைனர் படத்தையே மெதுவா, பாடிக்கிட்டே ஏறி இறங்கிக்கிட்டிருந்தேன். எதிர் நாற்காலியில் அம்மா. ரெண்டாவது சுற்றில் "ச்சு" என்று ஒரு சத்தம். பாட்டு வகுப்பில் பிள்ளைகள் ஸ்ருதி விட்டால் அவர் போடும் அதே "ச்சு". பிறகு அவரே முனக ஆரம்பித்தார். நான் நிறுத்தும் ஈ-யில் அவர் நிற்கவில்லை. அடுத்த ஸ்வரமான ஜி-யில், அதாவது தடித்த கம்பியின் மூணாவது ஃப்ரெட்டில், போய் உட்கார்ந்தார்.

13/
ஜி என்பது ஐந்து கட்டை. பாடும் பெண்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஸ்ருதி. அம்மாவின் ஸ்ருதியும் அதுதான். ஈ, ஜி, ஏ, பி, டி என்ற என் ஐந்தையும் ஜி-யிலிருந்து எண்ணினால் ஜி, ஏ, பி, டி, ஈ. ஸ ரி க ப த. எனக்கு மாஸ்டர் கொடுத்தது மைனர் பெண்டாடோனிக். அம்மா காதில் விழுந்தது மோகனம். ஸ்வரங்கள் அதே ஐந்து. வீடு மட்டும் வேற. மாஸ்டர் மூணு மாசமா கேட்ட கேள்விக்கு, பேச முடியாத எங்கம்மா முனகியே பதில் சொல்லிட்டார்.

14/
நீங்களும் சோதிக்கலாம். கீபோர்டோ, போனில் பியானோ ஆப்போ போதும். கறுப்புக் கட்டைகள் ரெண்டு, மூணு என்று கூட்டமா இருக்கும். மூணு உள்ள கூட்டத்தின் முதல் கறுப்பிலிருந்து கறுப்பு மட்டும் வாசியுங்கள்: மோகனம். அதே கறுப்புகளை அடுத்த கறுப்பிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. அதற்கடுத்ததிலிருந்து ஹிந்தோளம். ரெண்டு உள்ள கூட்டத்தின் முதல் கறுப்பிலிருந்து சுத்த சாவேரி. கடைசிக் கறுப்பிலிருந்து சுத்த தன்யாசி, அதுதான் கிட்டார்காரர்களின் மைனர் பெண்டாடோனிக். ஐந்து கட்டைகள், ஐந்து ராகங்கள். கர்நாடக இசையில் இதற்குப் பெயர் கிரக பேதம்.

15/
அன்றைக்கு அம்மா முனகும்போது நான் அடியில் ஜி-யை மட்டும் நீளமா, தம்புரா மாதிரி, தட்டிக்கிட்டே இருந்தேன். அவர் முகம் தெளிவா இருந்தது. வேணும்னே ஈ-க்கு மாறினேன். முனகல் நின்றது. புருவம் சுருங்கியது. மறுபடி "ச்சு". ஜி-க்கு வந்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் பாடும் ஸ்வரத்தில் ஒன்றையும் நான் தொடவில்லை. அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்வரம் நகர்ந்ததும் மேலே இருக்கும் அத்தனைக்கும் அர்த்தம் மாறிடுச்சு. பேஸ் கிட்டார் எதுக்குன்னு யாராவது கேட்டா இனிமே எனக்கு இந்த பதில் போதும்.

16/
அதோட நிற்கலை. ரெண்டு மூணு சுற்று போனதும் முனகல் ஒரு பாட்டாக மாறியது. 'வரவீணா'. மோகனத்தில் அமைந்த கீதம், பாட்டு கத்துக்கற குழந்தைகள் முதல் வருஷத்திலேயே படிப்பது. ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்திருப்பார். ராகம் மட்டும் வரும்னு நினைச்சேன். சாகித்யம் வந்தது. வார்த்தைகள். ஒன்றரை வருஷமா "அதான்" தவிர எதுவும் வராத வாயிலிருந்து வரிசையா, தெளிவா. சமையலறையிலிருந்து எல்லாரும் ஓடி வந்தாங்க. பாட்டு முடிஞ்சதும், "அம்மா, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டேன். அவர் சொன்னார்: "அதான்."

17/
இதை அதிசயம்னு வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. டாக்டரா விளக்கம் சொல்றேன். 1861ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், மூளையின் இடது முன்பகுதியில் ஒரு இடம் கெட்டால் பேச்சு போகும் என்று காட்டினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது பக்கத்தை நம்பியிருக்கிறது. பாட்டுக்கு வலது பக்கமும் நிறைய வேலை செய்கிறது. அதோடு, பல வருஷம் ஊறின பாட்டு ஒரு சங்கிலி மாதிரி. ஒரு கண்ணியை இழுத்தால் மீதி தானா வரும். புதுசா ஒரு வாக்கியம் கட்டுவது வேறு வேலை. அதனால்தான் கீதம் வந்தது, தண்ணி வரலை.

18/
ஆனா அந்தக் கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சா பயன்படுத்தலாம். 1973லிருந்தே இதற்கு ஒரு சிகிச்சை முறை இருக்கிறது, ராகமிட்டுப் பேசவைப்பது. உயரம் ஒன்று, தாழ்வு ஒன்று என்று இரண்டே ஸ்வரத்தில் ஒரு சின்ன வாக்கியத்தைப் பாடவைப்பார்கள். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டுவார்கள். கொஞ்சம் கொஞ்சமா ராகத்தைக் குறைத்து பேச்சுக்குக் கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் பலிக்காது. நாம் சொல்வது புரிந்தும் பேச்சு வராதவர்களுக்குத்தான் அதிகம் உதவும். பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளர் கூட இருக்கணும்.

19/
எங்கள் பேச்சு சிகிச்சையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட ரெண்டு ஸ்வரங்களுக்கு நடுவே மூணு ஃப்ரெட் இடைவெளி. தடித்த கம்பி சும்மா, பிறகு மூணாவது ஃப்ரெட். நான் முதல் நாள் கத்துக்கிட்ட முதல் ரெண்டு ஸ்வரம்! அன்றிலிருந்து தினமும் காலையில் இருபது நிமிஷம். நான் பேஸில் ஜி, ஈ. அவர் அம்மாவின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டுவார். "தண்-ணி." "கா-பி." "போ-தும்." வேகமான விரல் வேலை எதுக்கும் இங்கே இடமில்லை. ஒரே ஸ்ருதியில், ஒரே காலத்தில், சலிக்காமல் ரெண்டு ஸ்வரம். பேஸ்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

20/
மூணு வாரம் ஒண்ணும் நடக்கலை. நாலாவது வாரம் "காபி" வந்தது, பாட்டா. பிறகு ராகம் தேய்ஞ்சு, வெறும் பேச்சா. இப்போது எட்டு மாசம் ஆச்சு. எண்ணி வச்சிருக்கேன், பதினாலு வார்த்தை. பதினாலு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். வலிக்குது, போதும், வேணாம் மூணும் அதில் இருக்கு. தனக்கு வேணாம்னு ஒருத்தரால் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம்னு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். பழைய பேச்சு திரும்பி வருமா என்றால், முழுசா வராது. அதை அவரும் புரிஞ்சுக்கிட்டார்னுதான் நினைக்கிறேன். கடைசியாச் சேர்ந்த வார்த்தை "மெதுவா". நான் 90ல் ஸ்கேல் வாசிக்கும்போது சொன்னது.

21/
கத்துக்க நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம்:
• ஒரு நாள் மூணு மணி நேரத்தைவிட தினமும் இருபது நிமிஷம் மேல். கத்துக்கிட்ட அசைவை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது.
• வாயால் பாட முடிகிற வேகத்தில்தான் கை போகணும்.
• ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதோடு நிறுத்தாதீங்க. அதே ஐந்தில் வேற ஒரு ஸ்வரத்தை வீடாக்கி அங்கே வந்து முடியுங்கள். ராகம் மாறுவது கேட்கும்.
• மணிக்கட்டு ரொம்ப மடங்காம நேரா இருக்கட்டும். விரல் நுனி காய்ப்பது சரி. மரத்துப்போவது, இரவில் கை குறுகுறுப்பது சரியில்லை. வாத்தியத்தைக் கீழே வச்சுட்டு டாக்டரைப் பாருங்க.
• வயசைக் கேட்காதீங்க. 47ல் சுண்டு விரல் பிடிவாதம் பிடிக்கும், கடைசியில் கேட்கும்.

22/
இவ்வளவு தூரம் படிச்சிருக்கீங்க, இதையும் படிச்சிடுங்க. பக்கவாதத்துக்கு மூணு அடையாளம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. ரெண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறது. பேச்சு குழறுகிறது அல்லது வரவில்லை. இதில் ஒன்று திடீரென வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்க. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தூங்கி எழுந்தால் சரியாயிடும்னு யாரையும் படுக்க வைக்காதீங்க. எந்த நேரத்தில் ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வச்சுக்கங்க, டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

23/
வீட்டில் அஃபேசியா உள்ளவர்கள் இருந்தால்: அவர்கள் முன்னாடி அவர்களைப் பற்றி இல்லாதவர் மாதிரிப் பேசாதீங்க, நிறைய புரியும். ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரிக் கேளுங்க. பதிலுக்குக் காத்திருங்க, வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க. அவங்க இளமையில் பாடின பாட்டு, ஸ்லோகம், பள்ளிக்கூடப் பாட்டு எதுன்னு விசாரிச்சு கூடச் சேர்ந்து பாடுங்க. அவங்க ஸ்ருதியில். உங்க ஸ்ருதியில் இல்லை. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, இன்னைக்கு நைட் ட்யூட்டி இல்லை, பதில் சொல்றேன்.